பங்குனி வெயிலில் ஒரு கொங்காணி

என் வீட்டுப் பரண்மேல் ஒரு கோணிப்பை மடித்தபடி கிடக்கிறது. அதன் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. மழையில் நாற்று நடுகிறவர்கள் போடுவது. என் அம்மா அதைப் பங்குனி வெயிலில் போட்டாள்.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. நன்றாக ஏர் பிடித்துக்கொண்டிருந்தவன்தான். ஒரு நாள் சேக்காட்டு ஏரிக்கரையில் நடுவழியில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். அதன்பின் வாசற்படி தாண்டவில்லை. வெட்டவெளியைப் பார்த்தாலே கைகால் உதறும். காத்து கருப்பு என்று முடிவுகட்டி அப்பா பூசாரியை அழைத்து வந்தார். வேப்பிலையடி வாங்கிய அண்ணன் கூடத்தையும் விட்டு உள்ளறைக்குப் போய்விட்டான். நல்ல வைத்தியம்!

அது சண்டைக்காலம். பட்டாளத்துக்கு நிலம் வேண்டுமென்று எங்கள் வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சித்திரைக்குள் காலி செய்து, கோவில்பதாகையில் மாமா வீட்டுக்குப் போயாக வேண்டும். அண்ணனைக் கட்டித் தூக்கி வண்டியில் போடலாம் என்றார் அப்பா.

"அவன் இன்னா நெல்லு மூட்டையா?" என்றாள் அம்மா.

கொங்காணிக்குள் வானமும் வயலும் தெரியாது, காலடி மட்டும்தான் தெரியும் என்பது அவளுக்கு எப்படித் தோன்றியதோ! அண்ணனுக்கு ஒன்று மாட்டினாள். அவனை மட்டும் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாதென்று தானும் ஒன்று மாட்டிக்கொண்டாள். "என் காலப் பாத்துகினே வா நைனா. முடியலன்னா திரும்பிடலாம்" என்பாள். முதல் நாள் பத்தடி. பிறகு கிணறு வரை, புளியமரம் வரை. பல நாள் பாதியில் திரும்பினார்கள். அவள் ஒரு சொல் கடிந்ததில்லை.

"இன்னா அத்தே, ஒங்களுக்கு மட்டும் மழ பேயுதா?" என்று எதிர்வீட்டு மருமகள் கேட்டாள்.

"ஆமாண்டி, எங்க ஊட்டுக்கு மட்டும் பேயுது. நீ போ."

நான் யாரோபோல இருபதடி தள்ளி நடப்பேன். வெட்கம். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

காலி செய்த அன்று அண்ணன் கோவில்பதாகை வரை நடந்தே போனான். அம்மாவின் முகம் வெந்து சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதனால் அவனுக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அம்மா கூட வந்தால்தான் வெளியே வருவான். சுதந்திரத்துக்கு முந்தைய சித்திரையில் அம்மா போய்விட்டாள். எங்கள் வழக்கப்படி கொள்ளிச்சட்டி தூக்க வேண்டிய மூத்த மகன் வாசற்படியில் நின்று நடுங்கினான். "சின்னவனே, நீ தூக்கிக்கடா" என்று மாமா என்னிடம் சொன்னார். நான் பரணிலிருந்து இரண்டு கோணிகளையும் இறக்கினேன். அவனுடையதை அவனுக்கு மாட்டிவிட்டு, அம்மாவுடையதை நான் போட்டுக்கொண்டேன்.

"என் காலப் பாத்துகினே வாண்ணா."

சட்டியோடு சுடுகாடு வரை வந்தான். யாரும் சிரிக்கவில்லை.

பரண்மேல் இருப்பது அம்மா போட்ட கோணிதான். எவ்வளவு மழை பெய்தாலும் அதை யாரும் எடுக்க நான் விடுவதில்லை.