உரிமையாளர் பெயர்

யுத்தம் முடியாத வருஷங்களில், பலாங்கொடைப் பக்கம் ஒரு மாட்டு டாக்டரின் அலுவலகத்தில் நான் பதிவுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டத் தோட்டங்களில் எந்த மாட்டுக்கு என்ன நோய் வந்தாலும் அது என் கையெழுத்தில்தான் இருக்கும். டாக்டர் சிங்களவர். லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்களிடம் தமிழில் விசாரிப்பதும் என் வேலை.

ஒரு மழைக்காலத்தில் கோமாரி வந்தது. மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வந்து, எச்சில் ஒழுகும்; புல்லைத் தொடாது. ஒரே மலையில் மேல் தோட்டத்திலும் கீழ்த் தோட்டத்திலும் நிறைய மாடுகள் படுத்துவிட்டன. பதிவுப் புத்தகத்தில் நடுத் தோட்டத்துக்கான பக்கம் மட்டும் காலியாக இருந்தது. எட்டு மாதமாக அங்கே ஒரு கன்றுக்கு வயிற்றுப்போக்கு என்றுகூட ஒரு வரி இல்லை. டாக்டருக்கு அது நல்ல செய்தி. நான் நம்பவில்லை. பால் வாங்குகிறவர்கள் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து லயத்து ஆட்கள் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருநாள் பஸ் ஏறி நடுத் தோட்டத்துக்குப் போனேன். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில்களைச் சாக்கு கட்டி மறைத்திருந்தார்கள். முதல் கொட்டிலின் முன்னால் நின்ற பெண், மாடு நன்றாக இருக்கிறது என்றாள். சாக்குக்குக் கீழே புல்கட்டு பிரிக்காமல் கிடந்தது. பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் நகரவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்தாள்.

"மாட்டுக்கு நோவுன்னா மாட்டப் பாருங்க மிஸ். ஆளு பேரு எதுக்கு?"

படிவத்தில் உரிமையாளர் பெயருக்குக் கட்டம் இருக்கிறது என்றேன். அதன்பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் தடுப்பூசி போட வந்த எங்கள் ஆளிடம், கொழும்பில் தமிழ்ப் பையன்களைப் பிடிக்கிறார்கள் என்று பயந்து ஊருக்கு வந்திருந்த தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். மாடு அவனுடையது. அடுத்த வாரம் சிலர் வந்து, பெயர் சொல்லிக் கேட்டு, அவனைக் கூட்டிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் விட்டார்கள்.

"அவன் இங்க இருக்கான்னு உங்க புத்தகத்தத் தவிர வேற எங்கயும் எழுதலீங்க."

அந்தப் பெயரைப் புத்தகத்தில் ஏற்றியவள் நான். அந்தச் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என் மேசையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டியது நினைவுக்கு வந்தது. மேலதிகாரி என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

பெயர் எழுதமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் கண்முன்னாலேயே அந்தக் கட்டத்தில், "சிவப்புப் பசு, இடது கொம்பு உடைந்தது" என்று எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சாக்கைத் தூக்கினாள். பசுவின் நாக்கில் தோல் உரிந்திருந்தது. மத்தியானத்துக்குள் பதினொரு மாடுகளைக் காட்டிவிட்டார்கள்.

அலுவலகத்தில் படிவங்களைப் பார்த்து, ஆட்களின் பெயர் எங்கே என்று டாக்டர் கேட்டார். பெயர் கேட்டால் மாட்டைக் காட்டமாட்டார்கள் என்றேன். நானும் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மருந்தும் ஊசியும் நடுத் தோட்டத்துக்குப் போயின. இரண்டு கன்றுகள் செத்தன. பக்கத்து மலைக்கு நோய் தாண்டவில்லை.

அதன்பிறகு மாதாமாதம் அங்கே போனேன். அவளுடைய தம்பியை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. நான் வரும் பஸ் தெரிந்ததும் அவன் மலைமேல் ஏறிவிடுவான் என்று அவளே சொன்னாள்.