கவிழ்த்துப் பார்க்கிற வேலை

"அந்தக் கடைப் பிள்ளை மனுசரின்ர முகத்தைப் பாக்காது. சாமானின்ர அடியைத்தான் பாக்கும்."

கொழும்பு காலி வீதி பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். அந்தப் பிள்ளையான நான் பின்னால்தான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னது சரிதான். வெள்ளவத்தையில் பழைய கண்ணாடிச் சாமான் விற்கும் கடையில் எனக்கு வேலை. பேர் போடாத ஒரு பூச்சாடியை யார், எந்த ஊரில் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க முதலில் அதைக் கவிழ்க்க வேண்டும். ஊதிச் செய்ததென்றால், இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுத்த தழும்பு அடியில் இருக்கும். பேசக் கூச்சப்பட்டும் வாடிக்கையாளர் முன்னால் நிற்க விதிக்கப்பட்ட உங்களுக்கு விளங்கும்: கவிழ்த்த சாமானைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வது எவ்வளவு சுகம் என்று.

வெனிஸா, புறக்கோட்டையா?

சண்டைக் காலம். வெள்ளவத்தையில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் அடங்காதவை எங்கள் கடைக்கு வந்தன. கனகசபை அங்கிள் கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலத்துக்குள் மஞ்சள் படை வைத்த கனத்த கிண்ணம் ஒன்றைக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்தார். கலியாணம் முடித்த வருடம் வெனிஸில் மனைவிக்கென்று வாங்கினாராம். கூட வந்த மனைவி பூமணி அன்ரி அதை ஒருநாளும் நம்பியதில்லை. மனுசன் வெறுங்கையோடு கொழும்பில் இறங்கி, பயத்தில் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு ஓடி வாங்கியது என்பது அன்ரியின் கட்சி.

இரண்டு கிழமையில் கனடாவுக்கு, மகளிடம் பயணம். வெனிஸ் என்றால் கிண்ணம் பெட்டியில் ஏறும். புறக்கோட்டை என்றால் அதை எங்களுக்கு விற்றுவிட்டு, அந்த நிறைக்கு மிளகாய்த்தூள் ஏறும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். அடித்தழும்பைத் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். தேர்ந்த கை ஊதியதுதான். ஆனால் அந்தக் கை வெனிஸிலா, புறக்கோட்டைக்கும் சாமான் அனுப்புகிற பொஹீமியாவிலா இருந்தது என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"வடிவாப் பாரும் பிள்ளை," என்றார் அன்ரி. "முப்பது வரியமா இவர் சொன்னதைக் கேட்டிட்டன். இனிக் கிண்ணம் சொல்லட்டும்."

செக்பொயின்றில் மீன்

கிண்ணம் வாய் திறக்காத அந்த நாட்களில், கொட்டாஞ்சேனை வீடொன்றில் வாங்கிய கண்ணாடி மீனைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் தொட்டுப் பார்த்த ஆமிக்காரனின் கையில் கனமாக, உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டடி பின்னுக்குப் போய், மெல்ல அவிழ்க்கச் சொன்னான். வாய் பிளந்து கண் பிதுங்கிய செம்மஞ்சள் மீன் வெளியே வந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவும் மறந்துபோனது. கை மட்டும் பழக்கதோஷத்தில் மீனைக் கவிழ்த்து, அதன் அடியை அவனுக்குக் காட்டியது.

அவனும் குனிந்து அடியைக் கவனமாகப் பார்த்தான். பிறகு மீனை நிமிர்த்தி என் கையில் வைத்து, தங்கச்சி, இது மீன்தானே என்று எனக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னான்: "நங்கி, மேக்க மாளுவெக் நே."

மாமியாரின் சாடி

அதே கிழமை ஒரு அக்கா பச்சைச் சாடி ஒன்றைக் கொண்டுவந்தார். மாமியாருடையது. ஐரோப்பாவில் பெரிய கலைஞர் ஒருவர் செய்ததென்று சொல்லி, மாமியார் அதை யாரையும் தொடவிட்டதில்லை. பிள்ளைகள் அதைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார்களாம். கவிழ்த்தேன். தழும்பில்லை. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு ஓடியது. அச்சில் வார்த்த சாமான், ஆயிரக்கணக்கில் வந்திருக்கும்.

எப்படிச் சொல்வது? சாடியை இன்னொரு தரம் கவிழ்த்தேன். முதலாளி ஹமீத் நானா கல்லாவிலிருந்து கண்ணால் தள்ளினார். சொல்லிவிட்டு, அழப்போகிறார் என்று பார்த்தால், அக்காவின் முகம் விடிந்துவிட்டது.

"அப்ப இனி இதில ஊறுகாய் போடலாம்," என்றார்.

ஊதா விளக்கு

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அங்கிளும் அன்ரியும் வந்து நின்றார்கள். என்னிடம் விடை இல்லை. கள்ள நோட்டுப் பார்க்க நானா வைத்திருந்த ஊதா விளக்குத்தான் மிச்சம். வெனிஸில் செய்த சில பழைய கண்ணாடிகள் அதன் கீழ் ஒளிரும். பின்னறையில் லைற்றை நிற்பாட்டி, விளக்கைக் கிண்ணத்துக்குப் பிடித்தேன். மஞ்சள் படை பச்சையாக எரிந்தது.

"பாத்தியா?" என்றார் அங்கிள், மனைவியிடம்.

"பொஹீமியாச் சாமானும் இப்பிடி எரியும் அங்கிள்," என்றேன். அவர் வாடிப்போனார்.

கவிழ்த்தேன். அடியின் ஓரத்தில் விரல் நகமளவு, முட்டை வடிவில், வெளிர்நீலமாக ஒரு கறை மினுங்கியது. பகல் வெளிச்சத்தில் தெரியாத பழைய பசை.

"இதில ஒரு லேபிள் ஒட்டியிருந்திருக்கு. செய்தவையின்ர பேர் அதிலதான் இருந்திருக்கும். ஆரோ சுரண்டிப்போட்டினம்." இருட்டில் எனக்குக் கூச்சம் வரவில்லை.

"நான் தொடயில்லை," என்றார் அங்கிள்.

அன்ரியின் குரல் மெல்ல வந்தது. "சிவப்புக் கடதாசி. தங்க எழுத்து. இங்கிலீசுமில்லை, சிங்களமுமில்லை. நான் விலைச்சீட்டெண்டு நினைச்சன். கொண்டுவந்த அண்டைக்கே சுடுதண்ணியில ஊறவைச்சு நான்தான் சுரண்டினனான். இப்பத்தான் ஞாபகம் வருது."

"பேர் எங்க, பேர் எங்க எண்டு என்னைக் கேட்டனீர்," என்றார் அங்கிள்.

கதவடியில் நின்ற நானா குலுங்கிச் சிரித்தார். "சாட்சிய நீங்களே கழுவீக்கீங்க, மிஸிஸ்."

அங்கிளும் சிரித்துவிட்டார். "செய்தவன் ஆரெண்டு இனித் தெரிய வழியில்லையோ, பிள்ளை?"

"இல்லை அங்கிள்."

அன்ரி லைற்றைப் போடச் சொன்னார். மேசையிலிருந்த லேபிள் தாளில் ஒன்றைக் கிழித்தெடுத்து, என் பேனையை வாங்கி, கணவரின் பேரை எழுதி, கிண்ணத்தின் அடியில் பழைய லேபிள் இருந்த இடத்திலேயே ஒட்டினார்.