ஆமென் வரைக்கும் காத்திருந்த எஸ்தர்

செவ்வாய்க்கிழமை காலையில் எஸ்தரின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க." திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேருந்துகளிலும் நான் ஏறவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் எங்கள் பழைய கணினி அறையின் ஏசி இரைந்துகொண்டே இருந்தது.

பரவைப் பக்கம் நம் நூற்பாலையில் வேலை பார்த்த உங்களுக்கு அந்த அறை தெரியும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே மார்கழி. பீரோ உயரத்துக்கு ஒரு மினி கம்ப்யூட்டர், அதோடு இணைந்த எட்டுத் திரைகள், பச்சை எழுத்துகள். எஸ்தர் ஆபரேட்டர், நான் அவருக்கு மேலதிகாரி. நூல் இருப்பு கேட்டு ஒரு பட்டனைத் தட்டுவார். திரை நிரம்பும்வரை கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தை முணுமுணுப்பார். அப்போது அந்த அறையே எங்கோ மிதப்பதுபோல இருக்கும். "பதில் வர எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கக் கடிகாரம் எதுக்கு சார்? எனக்கு எப்பவும் ஒரே வேகத்துலதான் ஜெபம் வரும்" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புது மாடல் வரப்போவதாகச் சொன்னார்கள். மெஷினுக்கு முன்னால் வதந்தி வந்தது. "திண்டுக்கல்ல ஒரு மில்லுல இருக்காம்ணே. பட்டன்ல இருந்து விரல எடுக்கிறதுக்குள்ள பதில் வந்துருதாம்!" என்று டீக்கடையில் ஒரே பேச்சு. எஸ்தர் மட்டும், "யாரு பாத்தா?" என்று கேட்டார். ஒருத்தரும் பார்க்கவில்லை. மடையன் நான், அதை நம்பி, 'நேரில் சோதித்தேன், வாங்கலாம்' என்று அறிக்கை எழுதி அன்றைய தேதியும் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். மெஷினைப் பார்க்கப் போவதே மறுநாள்தான். முதலாளிக்குத் தெரிந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

மறுநாள் நானும் எஸ்தரும் போன விற்பனை அலுவலகத்தில், எங்கள் ஆலைக் கணக்குகள் இருந்த டேப்பை ஏற்றி, அங்கிருந்த எட்டுத் திரைகளில் ஒரே ஒன்றில் தட்டிக் காட்டினார்கள். பதில் பளிச்சென்று வந்தது. நான் கைகூடத் தட்டிவிட்டேன்.

"நம்ம ஆபீஸ்ல ஒருத்தரா சார் உக்காந்திருக்கோம்? எட்டுப் பேருல்ல!" என்று எஸ்தர் படியிறங்கிப் போனார். ஜெராக்ஸ் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், மோர் குடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்று ஆள் திரட்டி வந்து, திரைக்கு ஒருவராக உட்கார வைத்தார். "நான் சொல்றப்ப இந்த ஒரு பட்டனத் தட்டுங்கண்ணே, போதும்."

தட்டினார்கள். எட்டுத் திரைகளிலும் பச்சைப் புள்ளி மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடி ஜெபத்தைச் சொல்லி முடித்த எஸ்தர் கண்ணைத் திறந்தார். "நம்ம பழசுல பாதி ஜெபத்துல வந்துரும். இதுல ஆமென் சொல்லியும் வரலையே சார்!"

திரும்பும் பேருந்தில் அறிக்கையை வெளியே எடுத்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து எஸ்தர் தேதியைப் பார்த்துவிட்டார். "நேத்தே எழுதிட்டீங்களா?" என்றார். நான் அதைக் கிழித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயல்கள் நிதானமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அந்த மெஷினை வாங்கவில்லை. பிறகு ஆலையில் வேறொரு வதந்தி கிளம்பியது. எட்டுப் பேரை உட்கார வைத்துச் சோதித்தது நான்தானாம்! நான் மறுக்கவில்லை. என் பிரிவு உபசார விழாவில் அதைச் சொல்லித்தான் மாலை போட்டீர்கள். முன்வரிசையில் எஸ்தரும் கைதட்டினார். எதற்கும் "யாரு பாத்தா?" என்று கேட்கிறவர், அதற்கு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

நேற்று தேவாலயத்தில் அவர் பெட்டியைச் சுற்றி நின்று பரமண்டல ஜெபம் சொன்னார்கள். முருகன் கோயிலுக்குப் போகிற எனக்கும் அது மனப்பாடம். ஆமென் வந்ததும், அன்றைய நினைப்பில், திரை நிரம்பிவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த ஜெபமும் அவருடைய கேள்வியும்தான் என்னிடம் மிச்சம். ஆகவே சொல்கிறேன்: அன்று எட்டுப் பேரை உட்கார வைத்தது எஸ்தர். யார் பார்த்தது என்று கேட்டால், நான் பார்த்தேன்.