தலைப்புகள் மட்டும் திறந்த குறிப்பேடு

மடிக்கணினி விழித்தெழும் அந்தச் சிறு மணியோசை எங்கே கேட்டாலும் எனக்கு என் மனைவி ரீட்டாவின் இருமல் காதில் விழுகிறது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் என்னோடு படிப்பித்த அவள், நோயில் கிடந்த கடைசி மாதங்களில் எங்கள் மகளுக்காகக் குறிப்புகள் எழுதினாள். அழகாக இருக்கிறதே என்று ஒரு குறிப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்தவன் நான்.

"இதுல எழுதினா வேற எதிலயும் திறக்க ஏலாதாமே?" என்று கேட்டாள்.

"நீ எழுது புள்ள, அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

பார்க்கவில்லை. அவள் போன மறுவருடம் அந்த நிறுவனம் செயலியையே கைவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெட்டி வருகிறது, புதுப்பிக்க இடமில்லை. அதன் பின்னால் தலைப்புகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன: 'நீ பிறந்த மழைநாள்', 'அப்பா கோபித்தால்', 'நான் பயந்தது'.

கண்டியில் கணினி திருத்தும் நஸீர் நானா இரண்டு நாள் போராடினார். "எழுத்தெல்லாம் உள்ளுக்குத்தான் ஈக்கிது மாஸ்டர். பூட்டு அவங்கட. சாவியோட கடைய மூடிட்டுப் போய்ட்டாங்க."

இப்போது எதையும் எந்தக் கணினியிலும் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமிக்கிறேன், அச்செடுத்தும் வைக்கிறேன். புதிய செயலி என்றால், எழுதியதை வெளியே எடுக்க வழியுண்டா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

அன்று கடையை விட்டு இறங்கும்போது நானா கேட்டார்: "மகள் கேட்டா என்ன செல்லுவீங்க?"

"'நான் பயந்தது'ன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றேன் நானா. அவ எதுக்குப் பயந்தாள்னு எனக்கும் தெரியாது."