தொட்டுச் சிலுவை போட்ட மல்யுத்தக்காரி

எங்கள் பங்குக் கோவிலில் மத்தியானம் ஸ்பானியப் பூசை, பின்னேரம் தமிழ்ப் பூசை. அவர்கள் வெளியேற நாங்கள் உள்ளே போகும் வாசலில்தான் மெக்சிக்கோ அக்காவைச் சந்தித்தேன். வாரநாட்களில் அவர் குழந்தைகள் காப்பகத்தில் மூக்குத் துடைத்துவிடுபவர். சனிக்கிழமைகளில் முகமூடி போட்டு மல்யுத்தம் செய்பவர். என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "நீ நல்லாப் பறப்பாய்" என்றார். அதுவரை எனக்கு எல்லாரும் சொன்னது "நீ நல்லாப் படிப்பாய்" என்பது மட்டும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் சொன்னது, லைப்ரரியில் குழுப் படிப்பு. போனது நகருக்கு வெளியே, லவாலில் ஒரு கராஜுக்கு. அங்கே மல்யுத்த மேடைக் கயிற்றில் ஏறிக் குதித்துப் பழகினேன். முழங்கை கன்றிப்போனால் மெட்ரோப் படியில் விழுந்தேன் என்பேன்.

"அந்தப் படியிலை நானும் ஒருக்கா ஏறிப் பாக்கோணும். என்ரை பிள்ளையை மட்டும் தேடித்தேடி விழுத்துது" என்பார் அம்மா.

அந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. முகமூடிக்குள் இருப்பது யார் என்று தெரிந்தவர்கள்கூட வெளியே சொல்லக்கூடாது. பார்வையாளர் முன்னால் முகமூடி கழன்றால் மானம் போயிற்று. எனக்கு மானத்தைவிட அம்மாதான் பயம். அவருக்குத் தெரிந்தால் என் பறப்பு அன்றோடு சரி.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆள்மேல் கால் பட்டால் அவரைத் தொட்டு, நெஞ்சில் சிலுவை போட வேண்டும் என்பது அம்மா சிறுவயதிலிருந்தே பழக்கிவிட்ட மரியாதை. மற்ற வீடுகளில் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள், எங்கள் வீட்டில் சிலுவை. மல்யுத்தமோ முழுக்க முழுக்க ஆள்மேல் கால் படும் வேலை. நான் உதைப்பேன், உடனே ஓடிப்போய்த் தொட்டுச் சிலுவை போடுவேன். மெக்சிக்கோ அக்கா விழுந்து கிடந்தபடியே வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார்.

அந்த வசந்தத்தில் கோவில் கூரை ஒழுகத் தொடங்கியது. நிதி சேர்க்க, கோவில் மண்டபத்தில் ஸ்பானியக்காரர் மல்யுத்தம் நடத்துவது, தமிழர் சிற்றுண்டி விற்பது என்று முடிவாயிற்று. சிற்றுண்டிப் பொறுப்பு அம்மாவுக்கு. மேடையேறப்போவோரில் நானும் ஒருத்தி, அதுவும் அம்மாவின் கண் முன்னால். ஆனால் அது என் முதல் மேடை, விட மனம் வரவில்லை. அன்று காலை அம்மா பொரிக்க வைத்திருந்த ரோல்ஸுக்கு நானே பாண்தூள் பிரட்டிக் கொடுத்துவிட்டு, "குழுப் படிப்பு" என்று ஓடினேன்.

பச்சை முகமூடியோடு மேடையில் ஏறினேன். எதிரே மெக்சிக்கோ அக்கா. மண்டபத்தின் மூலையில், ரோல்ஸ் மேசைக்குப் பின்னால், இடுக்கியோடு அம்மா. கயிற்றின் உச்சியிலிருந்து பறந்துபோய் அக்காவின் நெஞ்சில் இரண்டு காலாலும் உதைத்தேன். சனம் கூரை பறக்கக் கத்தியது. என் பாழாய்ப்போன கை அக்காவைத் தொட்டுச் சிலுவை போட்டது. அது என் ஸ்டைல் என்று நினைத்த சனம் இன்னும் கத்தியது. அடுத்த உதைக்கு முழு மண்டபமும் என்னோடு சேர்ந்து சிலுவை போட்டது. அம்மாவின் இடுக்கி மட்டும் பாதி வழியில் நின்றது.

பிறகு அக்கா என்னைக் குப்புற அமுக்கி முகமூடிக் கயிற்றை இழுத்தார். சும்மா இழுப்பதாகத்தான் பேசி வைத்திருந்தோம். முடிச்சு நிஜமாகவே தளர்ந்துவிட்டது. முகமூடி மேலேறி நாடி வெளியே தெரிந்தது. நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று கிடந்தேன்.

"சிலுவை போட்டது போதும் பிள்ளை! எழும்பி அடி!"

மேடையோரத்தில் இடுக்கியை ஓங்கியபடி அம்மா நின்றார். எப்படி எழும்பினேன் என்று இன்றுவரை தெரியாது. பேசி வைத்தபடி வெல்ல வேண்டியவர் அக்கா. வென்றது நான்.

ஆட்டம் முடிந்ததும் முகமூடியோடே ரோல்ஸ் வரிசையில் போய் நின்றேன். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்சை, உவள் எங்கடை பிள்ளை மாதிரியெல்லோ கிடக்கு? தொட்டுச் சிலுவை போட்டவள்."

"மெக்சிக்கோக்காரரும் வேதக்காரர்தானே" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"நீங்கள் தமிழிலை கத்த எழும்பினவள்!"

"இடுக்கியைக் கண்டால் ஆரும் எழும்புவினம். எங்கடை பிள்ளையள் இந்த நேரம் லைப்ரரியிலை."

"கிராசியாஸ்" என்று ஸ்பானியத்தில் நன்றி சொல்லி ரோல்ஸை வாங்கினேன்.

அம்மா மேசையைச் சுற்றி வந்தார். "வீட்டை வா, பேந்து கதைக்கிறன்" என்று காதுக்குள் சொன்னார். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, தளர்ந்திருந்த முகமூடிக் கயிற்றை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது இழுப்பதுபோல இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டார்.