காந்தப்பாயத்தின் அலகு

ஒன்பது வயதிலேயே ஓர் இன்ஜினியரை இயற்பியலில் தோற்கடித்தவன் நான் என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இத்தனை வருடங்களாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். கதை தொடங்கியதும் என் பிள்ளைகள் எழுந்து குளிக்கப் போய்விடுவார்கள்.

தோற்றவர் என் சித்தியைப் பெண் பார்க்க எங்கள் ஊர் உறுவையாற்றுக்கு வந்தவர். சித்தி அப்போது தமிழ்வழியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். கரும்புக் கொல்லையின் மோட்டார் கொட்டகைதான் அவள் படிப்பறை. மோட்டார் சத்தத்தை மீறிக் கத்தி மனப்பாடம் செய்வாள். நான் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து புத்தகம் பிடிப்பேன். மின்புலம், காந்தப்புலம், காந்தப்பாயம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அர்த்தம்தான் தெரியாது.

மாப்பிள்ளை இங்கிலீஷ் மீடியம். சொஜ்ஜியை முடித்துவிட்டு பஜ்ஜிக்கு வந்தவர், "ஃபிசிக்ஸா? நம்ம சப்ஜெக்ட்டாச்சே! இன்னா வேணா கேளுங்க" என்றார். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் பெண் தலை நிமிரக்கூடாது. கேள்வி கேட்பதாவது! குடும்ப மானத்தை நான் காப்பாற்றினேன்.

"காந்தப்பாயத்தோட அலகு இன்னா மாமா?"

பஜ்ஜி பாதி வழியில் நின்றது. நாகரிகமாகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுகூடத் தெரியலியா? டெஸ்லா!" என்றேன்.

"கரெக்ட்! அதத்தான் சொல்ல வந்தேன்" என்று அவர் பலமாகத் தலையாட்டினார். கூடம் சிரித்தது. சித்தி மட்டும் தலை நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள்.

அவர்கள் கார் தெரு திரும்பியதும், "வேணாம்பா" என்றாள் தாத்தாவிடம். காரணம் சொல்லவில்லை. நல்ல சம்பந்தம், கையில் வேலை இருக்கும் பையன் என்று வீடே மன்றாடியும் அவள் மசியவில்லை. ஆகவே காரணத்தை என் முதுகில் கண்டுபிடித்தார்கள். தாத்தா கொல்லையில் ஒரு கரும்பை ஒடித்தார், தின்பதற்கு அல்ல. அந்த அடியை நான் பதக்கமாகவே வாங்கிக்கொண்டேன். அறிவாளிகளுக்கு உலகம் தரும் பரிசு இதுதானே!

போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்தில், புதுச் சம்பந்திகளிடம் இந்தக் கதையை எடுத்தேன். இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற சித்தி பக்கத்திலேயே பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தாளயே கட்டியிருப்பேன்" என்றாள். "கரெக்ட்னு தலையாட்டினான் பாரு, அங்கதான் வுட்டுட்டேன்."

"ஏன் சித்தி? சரியான விடைக்குத்தானே தலையாட்டினார்?"

"டெஸ்லா காந்தப்புலத்துக்குடா. காந்தப்பாயத்துக்கு நான் கத்துனது வெபர்."