கஸ்தூரி ஊற்றாத பால்

போன மாதம் எண்ணெய் வாங்கப் போன இடத்தில், என் காலைக் காபி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

எண்ணெய்க்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்குக் காலை வரை எனக்கும் தெரியாதுதான்.

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டில் முருகவேலின் செக்கு இருக்கிறது. மோட்டாரில் ஓடுகிற மரச்செக்கு. நம் கண் எதிரிலேயே ஆட்டித் தருவார். நானும் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். "எங்க வீட்ல கடை எண்ணெயே கிடையாது" என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ள வேண்டாமா?

அன்று எனக்கு முன்னால் வந்திருந்தவர் ஏழுமலை. ஜக்காம்பேட்டை பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். மொபெட்டில் இரண்டு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். உரித்த பருப்பு. ஒரு மூட்டை விடியற்காலை இருட்டிலேயே ஆட்டியாகிவிட்டது. இரண்டாவது மூட்டையைச் செக்கில் கொட்டுவதற்காக முருகவேல் உதறினார். உதறிய கை ரோஸ் கலரானது.

கடலைத் தோலின் ரோஸ் இல்லை. கோலமாவில் கலக்கிற சாயம் மாதிரி ஒரு ரோஸ்.

முருகவேல் மோட்டாரை நிறுத்தினார். "என்னாங்க இது?"

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "வெதைக்கு வாங்கனதுங்க. மருந்து கலந்து ரெடியா வெச்சிருந்தோம். மழ வந்து கொல்லையெல்லாம் தண்ணி நின்னுடுச்சி, வெதைக்க முடியல. அம்மாம் பருப்பத் தூக்கிப் போட மனசு வரலீங்க. நல்லா அலசி, வெயில்ல காய வெச்சித்தான் எடுத்துக்கினு வந்தேன்."

பூச்சி அரிக்காமல், பூசணம் பிடிக்காமல் இருக்க விதையில் தடவுகிற மருந்து அது. விதைக்கிற கைக்கே உறை போடச் சொல்வார்கள்.

"இந்த எண்ணெய யாருக்கு விக்கப் போறீங்க?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் போலீஸ் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"விக்கறதா? எங்க ஊட்டுக்குத்தாம்மா. நாங்கதான் சாப்பிடப் போறோம்."

இதற்கு என்ன சொல்வீர்கள்? ஊரை ஏமாற்றுகிறவர் என்றால் திட்டிவிட்டு வந்துவிடலாம். இவர் தன் வீட்டுச் சட்டிக்கே விஷத்தைக் கொண்டுபோகிறார்... அதுவும் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டு.

காலையில் ஆட்டிய எண்ணெய் கேனில் அப்படியே இருந்தது. நல்ல வேளை என்று நான் மூச்சு விட்டேன். முருகவேல் விடவில்லை. அவர் முகம் மாறிப்போயிருந்தது.

"புண்ணாக்கு..." என்றார்.

ஆட்டுக்கூலிக்குப் பதிலாகப் புண்ணாக்கைச் செக்கிலேயே விட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கம்.

"அத கஸ்தூரி எடுத்துக்கினு பூட்ச்சேக்கா!" என்றார் முருகவேல்.

கஸ்தூரி எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். இரண்டு மாடு, ஒரு கன்று. சொந்த நிலம் கிடையாது. காலையில் என் வீட்டுக் காபி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் புட்டிப்பால், எதிர்வீட்டுப் பெரியவரின் தயிர் — எல்லாம் அவள் மாடுதான்.

போன் அடித்தோம். எடுக்கவில்லை. முருகவேல் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏழுமலை மொபெட்டில் எங்களைத் தொடர்ந்து வந்தார். வராமல் இருந்திருக்கலாம். வந்தார்.

ஜக்காம்பேட்டை போகிற வழியில், கொட்டகை வாசலில் கஸ்தூரி சாணி வாரிக்கொண்டிருந்தாள். புண்ணாக்கு ஊறிய தண்ணீர் ஒரு பக்கெட்டில் இருந்தது. பாதி பக்கெட். மீதிப் பாதி கன்று போட்ட மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது.

அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். பக்கெட்டைத் தூக்கி எட்ட வைத்தாள். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் ஏழுமலையின் பக்கம் திரும்பினாள். அவர் நிலத்து வரப்பில்தான் அவள் தினமும் புல் அறுப்பாளாம். அது எனக்கு அப்போது தெரியாது.

"நீங்க துன்னா உங்களோட போவும்ங்க! நான் நாலு தெருவுக்கு ஊத்தறேங்க! எந்தக் கொயந்த குடிக்கிது, யாரு குடிக்கிறாங்கன்னு எனக்கே தெரியாது!"

அத்தனை கோபத்திலும் 'ங்க' விடவில்லை.

அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்து டாக்டர் வந்தார். ஊசி போட்டார். "நிறைய போகல, மாடு பொழைச்சிக்கும், பயப்படாதீங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் இந்த மாட்டுப் பாலை யாருக்கும் குடுக்காதீங்க. கன்னுக்கும் வேணாம்."

"கறக்காம வுட்டா மடி கட்டிக்குமே சார்?"

"கறந்து கொட்டிடுங்க."

"எங்க கொட்டறது?"

சாதாரணமான கேள்விதான். நாங்கள் நாலு பேரும் சுற்றிலும் பார்த்தோம். வாசலில் ஓடுகிற சாக்கடை நேராக ஏரிக்குப் போகிறது. ஏரியில் மீன் இருக்கிறது. அதை வாங்கித்தான் வாரம் தவறாமல் குழம்பு வைக்கிறோம். மீந்த பருப்பைக் கரையில் கொட்டினால் மயில் கொத்தும். எண்ணெயைக் கொல்லையில் ஊற்றினால் பக்கத்திலேயே கிணறு.

'தூக்கிப் போடு' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! எங்கே போட்டாலும் அங்கே ஏதோ ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சாப்பிட இன்னொன்று காத்திருக்கிறது. அந்த வரிசையில் கடைசியாக, கையில் டம்ளரோடு நாம்.

வேளாண்மை ஆபீசில் கேட்டோம். தண்ணீர் ஓடாத மேட்டில், கிணற்றுக்கு எட்டத்தில், ஆடு மாடு கிளறாத ஆழத்தில் புதைக்கச் சொன்னார்கள். தன் நிலத்து மேட்டிலேயே ஏழுமலை குழி வெட்டினார். பருப்பு, எண்ணெய், புண்ணாக்கு, பக்கெட் தண்ணீர் — எல்லாம் அதில் போயிற்று. கறந்த பாலையும் தினமும் கேனில் வாங்கிப் போய் அங்கேயே கொட்டுவதாக ஒத்துக்கொண்டார்.

டாக்டருக்காகக் காத்திருந்தபோது கஸ்தூரி என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். "யக்கா, பருத்திக்கொட்டை வாங்கிப் போடறேனே... அதுலயும் மருந்து இருக்குமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் நாட்டில் இப்போது விளைகிற பருத்தியில் பெரும்பகுதி மரபணு மாற்றியது. காய்ப்புழு தின்றால் சாகும்படி செடிக்குள்ளேயே ஏற்பாடு. அதன் கொட்டைதான் மாட்டுத் தீவனத்துக்கும் வருகிறது.

"மாட்ட ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணாதுன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க நெறைய பேரு சொல்றாங்க. இன்னும் பார்க்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரியல கஸ்தூரி."

அவள் மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லதோ கெட்டதோ, அத அப்பறம் பாக்கலாம். இத்தினி வருசமா போடறேன்... எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

மரபணு மாற்றிய உணவு வேண்டுமா, வேண்டாமா? டிவியில் இரண்டு பக்கமும் தொண்டை வறளக் கத்துகிறார்கள். நானும் ஆர்வமாகப் பார்ப்பேன். சாப்பிடுகிறவரிடம் யாராவது கேட்டார்களா, கேட்காவிட்டாலும் சொல்லவாவது சொன்னார்களா என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை கஸ்தூரி ஒரு மாட்டுப் பாலோடு வந்தாள். பாதி வீடுகளுக்குத்தான் வரும்.

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடேன். எதுக்குப் பேஜாரு?" என்றேன். புத்திசாலித்தனமான யோசனை என்றுதான் நினைத்தேன்.

"பொய்யிதானக்கா அது?"

வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னாள். விதை மருந்து, புண்ணாக்கு, டாக்டர் — எதையும் விடவில்லை. 'நேத்து ஊத்துனது அதுக்கு முன்னாடி கறந்தது, பயப்படாதீங்க' என்பதையும் சேர்த்துச் சொன்னாள். விளைவு? சில வீடுகள் அன்றே பாக்கெட்டுக்கு மாறின. நல்ல மாட்டுப் பாலும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள்.

அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

முருகவேல் செக்கைக் கழுவிக் காய வைத்து, ஒரு வாரம் கடையை மூடினார். இப்போது யார் மூட்டையோடு வந்தாலும், "வெதைக்கு வாங்கனதா, ஊட்டுக்கு வெளஞ்சதா?" என்று கேட்ட பிறகுதான் பிரிக்கிறார். சிலர் முறைக்கிறார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. ஏழுமலை, வழக்கம்போலப் புல் அறுத்துக்கொள்ளச் சொல்லி கஸ்தூரிக்கு ஆள் அனுப்பினார். அவள் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். கோபத்துக்காக மாடு எத்தனை நாள் பட்டினி கிடக்கும்?

போன வாரம்தான் டாக்டர் சரி என்றார். அடுத்த நாள் காலை கஸ்தூரி இரண்டு கேனோடு வந்து நின்றாள். நான் பாத்திரத்தை நீட்டினேன். அவள் உடனே ஊற்றவில்லை.

"டாக்டர் சொன்னதும் நேத்து சாயங்காலமே காச்சி நான் குடிச்சிப் பாத்துட்டேன்க்கா. நல்லாத்தான் இருக்கேன். இப்ப ஊத்தட்டுமா?"

எந்தப் பால் பாக்கெட்டின் மேலும் இந்த வாக்கியத்தை நான் படித்ததில்லை.